நடுவில் வரும் வட்டம்

பிப்ரவரி 4

அன்புள்ள அத்தைக்கு,

இந்தக் கடிதத்துக்கு முன்னாலேயே லாரி வந்து வாசலில் நின்றிருந்தால் மன்னித்துவிடுங்கள். அந்த நீள மரப்பெட்டியில் இருப்பது உங்கள் தையல் மிஷினின் சக்கரம் ஓடுவதற்கான புது ரெயில். விலைக்கு அனுப்பவில்லை. ஓட்டிப் பார்த்து நல்லது கெட்டது சொல்வதற்கு.

நான் இப்போது இருக்கும் தொழிற்சாலையில், உங்களிடம் இருப்பது போன்ற, பஞ்சுப் போர்வை தைக்கும் பெரிய குவில்ட் மிஷின்களுக்கு உதிரிபாகம் செய்கிறார்கள். சேர்ந்த வாரமே மேலாளர் கேட்டார்: "உங்களுக்கு நல்லா தெரிஞ்ச மிஷின் எது? அதுல என்ன குறை?" உங்கள் மிஷினை விட்டால் எனக்கு வேறு எது தெரியும்? நீங்கள் போர்வையை மேசைமேல் இழுத்துக் கட்டிவிட்டு, மிஷினையே பேனா மாதிரி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கோலமாக ஓட்டுவீர்கள். மேசையின் நடுவில், ரெயிலின் இரண்டு துண்டும் சேரும் இடத்தில், சக்கரம் 'டக்' என்று தட்டும். ஐந்து வருஷம் அந்தச் சத்தத்தைச் சமையலறையில் நின்று கேட்டிருக்கிறேன். அதைச் சொன்னேன். "சரி, அதையே சரி பண்ணுங்க" என்றுவிட்டார். இப்போது வந்திருப்பது ஒரே நீளத் தண்டு. இணைப்பே கிடையாது.

ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். அவ்வப்போது தைத்த துணியையும், தோன்றியதை எழுதியும் அனுப்புங்கள். எழுத்தில்தான் வேண்டும் என்கிறார்கள். எனக்கும் அதுதான் நல்லது. போனில் நீங்கள் "சாப்பிட்டியா" என்று ஆரம்பித்தால் அதற்கு மேல் எனக்குப் பேச்சு வராது.

இன்னொன்று, சொல்லவே கூச்சமாக இருக்கிறது. சொந்தக்காரர்கள் சோதித்துப் பார்த்தால் இங்கே செல்லாது. சொந்தம் என்றால் நல்லதாகத்தான் சொல்வார்களாம். அதனால் நான் உங்கள் வீட்டு மாடியில் குடியிருந்தவள், நீங்கள் வீட்டு ஓனரம்மா என்று சொல்லிவைத்திருக்கிறேன். யாராவது கேட்டால் அப்படியே சொல்லுங்கள். ஏப்ரலில் கோர்ட்டில் எல்லாம் முடிந்துவிட்டால் அது பெரிய பொய்யும் இல்லையே. இந்த ரெயில் தேறினால்தான் என்னை நிரந்தரமாக வைத்துக்கொள்வார்கள். நான் தனியாகச் செய்த முதல் வேலை இது.

நீங்கள் முடியாது என்றாலும் எனக்கு வருத்தமில்லை.

இப்படிக்கு,
நான்தான்


பிப்ரவரி 11

அடி திருகாணி,

எந்நேரமும் கையில் ஸ்குரூவோடு அலைந்ததற்கு நான் வைத்த பேர் ஒன்று இருக்க, "நான்தான்" என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாயே, யார் அந்த நான்தான்?

குடியிருந்தவள் என்றால் காலி செய்யும்போது ஓனரிடம் சொல்லிவிட்டுப் போகவேண்டும். முன்கூட்டியே ஒரு நோட்டீஸ் கொடுக்கவேண்டும். நான் நூல் வாங்கப் போய்விட்டு வருவதற்குள் அலமாரியைக் காலி செய்துவிட்டுப் போகிற குடித்தனக்காரியை நான் பார்த்ததில்லை. புருஷனை விட்டுப் போனாய், சரி. அவனோடு சண்டை போட்டு ஜெயிக்க முடியாது, அவன் வாயைத் திறந்தால்தானே. அதெல்லாம் எனக்குத் தெரியும், பெற்றவள் நான். என்னை எதற்கு விட்டுப் போனாய்? அதை மட்டும் சொல். எட்டு மாசமாக இதைக் கேட்கத்தான் காத்திருக்கிறேன். நீ என்னடாவென்றால் ரெயில் அனுப்புகிறாய்.

உன் பெட்டி நடையில் திரும்பவில்லை. முன்னறை ஜன்னலின் கம்பியைக் கழற்றி அந்த வழியாக உள்ளே இழுத்தோம். எதிர்வீட்டுக்காரர்கள் எல்லோரும் நின்று வேடிக்கை பார்த்தார்கள். வழக்கமாக மிஷினைப் பார்க்கும் எலக்ட்ரீஷியன் வெளியூர் போயிருந்ததால் என் பிள்ளைதான் பொருத்தினான். "யார் அனுப்பினது?" என்று கேட்டான். சொன்னேன்.  மட்டம் பார்க்கும் ரசமட்டத்தை எடுத்து வந்தான், குனிந்தான், முழு நாளும் அந்த மேசைக்கு அடியிலேயே கிடந்தான். கோபமா வருத்தமா, எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. உனக்கே ஐந்து வருஷத்தில் விளங்கவில்லை.

கை வைத்ததும் மிஷின் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. முதல் நாள் பயந்துபோய்க் கையை எடுத்துவிட்டேன். பழகிக்கொண்டு எழுதுகிறேன். உன் பொய்யையும் சொல்கிறேன். எனக்கு அது பிடிக்கவில்லை என்பதையும் எழுதி வைத்துக்கொள்.

அத்தை
(ஓனரம்மா என்று போடச் சொன்னாலும் போடமாட்டேன்)


பிப்ரவரி 17

அன்புள்ள அத்தைக்கு,

நீங்கள் வீட்டில் இருந்திருந்தால் நான் போயிருக்கமாட்டேன். அதனால்தான் நீங்கள் நூல் கடைக்குக் கிளம்பும் வரை காத்திருந்தேன். வேறு காரணம் இல்லை.

நீங்கள் அவருடைய அம்மா. நான் சொல்லிக்கொண்டு கிளம்பினால் நீங்கள் ஏதாவது ஒரு பக்கம் நின்றே ஆகவேண்டியிருக்கும். என் பக்கம் நின்றால் உங்கள் பிள்ளையை இழப்பீர்கள். அவர் பக்கம் நின்றால் எனக்குத் தாங்காது. ஆகவே யாரையும் கேட்காமல் நானே முடிவு செய்துவிட்டேன். அது சரியா என்று இன்று கேட்டால் தெரியவில்லை.

வேலை விஷயத்துக்கு வருகிறேன். நேர்க்கோடு வேண்டாம், வட்டம் போட்டுப் பாருங்கள். ஒரு ஓரத்தில் ஆரம்பித்து மறு ஓரம் வரை வரிசையாக ஒரே அளவு வட்டங்கள். ரெயிலில் எங்காவது குறை இருந்தால் வட்டம் காட்டிக்கொடுத்துவிடும். உங்கள் கை வட்டத்தை எனக்குத் தெரியும், டப்பா மூடியை வைத்து வரைந்த மாதிரி இருக்கும்.

தோள்வலி எப்படி இருக்கிறது? ரெயில் லேசாக ஓடுவதால் குறைய வேண்டும். குறைந்தால் அதையும் எழுதுங்கள்.

நான்


பிப்ரவரி 24

திருகாணி,

துணியை விரித்துப் பார்த்துவிட்டு மேலே படி.

பார்த்தாயா? ஓரத்தில் எல்லாம் நல்ல உருண்டை. நடுவில் வருவது மட்டும் முட்டை. ஒரு வரிசை முடித்துப் போர்வையைச் சுற்றிவிட்டு அடுத்த வரிசை போட்டேன், அதே இடத்தில் முட்டை. அதற்கடுத்த வரிசையிலும் முட்டை. மேலிருந்து கீழ்வரை கோழிப்பண்ணையே வைத்துவிட்டேன். மெதுவாக ஓட்டினேன், வேகமாக ஓட்டினேன், கோபமாகவும் ஓட்டிப் பார்த்தேன். நடுவில் எதுவோ இருக்கிறது.

உன் ரெயிலைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பொருத்தியவனைத்தான் சொல்லவேண்டும். அவன் எதை முழுசாக முடித்திருக்கிறான்? மாடி ஜன்னலுக்குப் பெயின்ட் அடிக்க ஆரம்பித்தானே, நீ இருந்தபோது, ஒரு கதவு பச்சையும் ஒரு கதவு பழைய நிறமுமாக இன்னும் அப்படியே நிற்கிறது. சாப்பிடும்போது கேட்டுவிட்டேன், "அவ அனுப்பினதுங்கறதுக்காக வேணும்னே லூசா விட்டியாடா?" என்று.  தட்டைக் கழுவி வைத்துவிட்டு மேலே போய்விட்டான். பதில் இல்லை என்றால் என்ன அர்த்தம், நீயே சொல்.

உன் முந்தின கடிதத்தை நிறைய தடவை படித்தேன். ஒரு பக்கம் நிற்கவேண்டுமா இல்லையா என்று என்னைக் கேட்காமல் நீயே முடிவு செய்ததற்குத்தான் எனக்குக் கோபம். வயிறு நிறையக் கோபம். ஆனாலும் படிக்கப் படிக்க உன்னைத் திட்ட வாய் வரவில்லை.

தோள்வலி பாதி குறைந்திருக்கிறது. அதை உன் மேலாளரிடம் சொல்.

அத்தை


மார்ச் 1

அன்புள்ள அத்தைக்கு,

துணி வந்தது. அன்றைக்கே அதே அச்சில் செய்த இன்னொரு தண்டை எடுத்து அளந்து பார்த்தேன். முடி அளவு வளைவுகூட இல்லை. அப்படியானால் குறை பொருத்தியதில்தான் இருக்கிறது.

அவர் வேண்டுமென்றே செய்திருப்பார் என்று நான் சொல்லமாட்டேன். அக்கறை இல்லாமல் செய்திருப்பார் என்று சொல்வேன். அது அவருக்குக் கைவந்த கலை. எனக்கு முக்கியமான எதிலும் அவர் இப்படித்தான் பாதியில் நின்றிருக்கிறார். இது என் வேலை அத்தை, என் சோறு. இதையாவது விட்டுவைத்திருக்கலாம்.

எலக்ட்ரீஷியன் திரும்பி வந்திருந்தால் எல்லாத் திருகையும் அவரை விட்டு முடுக்கச் சொல்லுங்கள். பிறகு தண்டை நான்கு விரல் அளவு இடதுபக்கம் தள்ளிவைத்து மறுபடி வட்டம் போடுங்கள். முட்டையும் கூடவே இடதுபக்கம் நகர்ந்தால் குற்றம் என் ரெயில் மேல். நகராமல் அங்கேயே இருந்தால் என் ரெயில் மேல் இல்லை.

மார்ச் நடுவில் எங்கள் அலுவலகத்திலிருந்து பரிசோதகர் உங்கள் வீட்டுக்கு நேரில் வருவார். அன்றைக்கும் முட்டை விழுந்தால் இந்த ரெயிலை மூலையில் போட்டுவிடுவார்கள். எனக்கு வேறு வேலை தேடவேண்டியிருக்கும்.

கோபத்தில் எழுதிவிட்டேன். கிழித்துவிட்டு வேறு எழுதினால் தபால் நேரம் தவறிவிடும். அப்படியே அனுப்புகிறேன்.

நான்


மார்ச் 8

என் கண்ணே திருகாணி,

உட்கார்ந்துகொண்டு படி. நாம் இரண்டு பேரும் ஒரு மனுஷனுக்கு அநியாயம் பண்ணிவிட்டோம்.

எலக்ட்ரீஷியன் வந்தார். மேசைக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார். "இதுல நான் கை வைக்க ஒண்ணுமே இல்லம்மா, இவ்வளவு சுத்தமா நானே பண்ணமாட்டேன்" என்றார். நீ சொன்னபடி தண்டை இடதுபக்கம் தள்ளிக் கொடுத்துவிட்டுப் போனார். வட்டம் போட்டேன். முட்டை நகரவே இல்லை. ரெயிலும் குற்றமில்லை, பொருத்தியவனும் குற்றமில்லை என்றால் பேயா வந்து தைக்கிறது?

அவன் வாசல் நிலையில் சாய்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். "நகரும்மா" என்று சொல்லிவிட்டு மிஷினைப் பிடித்தான். பிறந்ததிலிருந்து அதை ஓட்டியதில்லை. அவன் போட்ட வட்டத்தையும் அனுப்பியிருக்கிறேன், உருளைக்கிழங்கு மூட்டையை அவிழ்த்துக் கொட்டின மாதிரி இருக்கும். ஆனால் கவனித்துப் பார். ஓரத்து உருளைக்கிழங்குக்கும் நடு உருளைக்கிழங்குக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.

பிறகு என்னை ஓட்டச் சொல்லிவிட்டு எனக்குப் பின்னால் போய் நின்றான். இரண்டு வரிசை முடியும்வரை என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் சொன்னான்: "அம்மா, நடுப்பக்கம் வந்ததும் உன் வலது தோளு முன்னாடி போகுது. நீதான் தள்ளுற." நான் எங்கேயடா தள்ளுகிறேன் என்று சண்டைக்குப் போனேன். அடுத்த வரிசையில் நடு வந்தபோது என் தோள்மேல் கையை வைத்து அழுத்தாமல் பிடித்துக்கொண்டான். வட்டம் விழுந்தது பார், தட்டு மாதிரி.

பழைய ரெயிலில் அந்த 'டக்' வருமே, அங்கே மிஷின் இடறாமல் இருக்க நான் ஒரு உந்து உந்தியிருக்கிறேன். எத்தனையோ வருஷமாக, எனக்கே தெரியாமல். இப்போது மேடு போய்விட்டது, என் தோளுக்கு யாரும் சொல்லவில்லை. இல்லாத மேட்டுக்கு உந்தினால் வட்டம் முட்டையாகாமல் என்ன செய்யும்?

நான் அவனை வாயால் திட்டினேன், நீ தபாலில் திட்டினாய். உன் கடிதத்தை அவனிடம் காட்டவில்லை. அவனாகவே சொன்னான், "அவளும் என்னைத்தான் சொல்லியிருப்பா." எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. "நீ ஏன்டா அன்னிக்கே இல்லைன்னு சொல்லல?" என்று கேட்டேன். தோளைக் குலுக்கினான். மேலே போகும்போது படியில் நின்று, "அவ செஞ்சதுல தப்பு இல்லம்மா. நல்லா செஞ்சிருக்கா" என்றான்.

தினமும் பழகுகிறேன். நடு வரும்போதெல்லாம் அவன் கை இருக்கிறதாக நினைத்துக்கொள்கிறேன். பத்துக்கு எட்டு வட்டம் உருண்டையாக வருகிறது.

அத்தை


மார்ச் 12

அன்புள்ள அத்தைக்கு,

படித்துவிட்டுச் சிரித்தேன், பிறகு நிறைய அழுதேன். பக்கத்து மேசைக்காரி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

உள்ளே மடித்து வைத்திருக்கும் சீட்டு அவருக்கு. மன்னிப்புக் கேட்டு எழுதியிருக்கிறேன். நீங்கள் படிக்கவேண்டாம் என்று சொன்னாலும் படிப்பீர்கள், அதனால் படித்துவிட்டே கொடுங்கள்.

ஆனால் இதை வைத்துக்கொண்டு நான் திரும்பி வருவேன் என்று எதிர்பார்க்காதீர்கள். நல்லா செஞ்சிருக்கா என்று சொன்னாராம். ஐந்து வருஷம் ஒரே அறையில் இருந்தபோது என் முகத்தைப் பார்த்து அப்படி ஒரு வார்த்தை வந்ததில்லை. அவருடைய நல்ல வார்த்தை எனக்கு எப்போதும் மூன்றாவது ஆள் வழியாகத்தான் வருகிறது. அவர் கெட்டவர் இல்லை. அது எனக்கு முன்பும் தெரியும். தெரிந்துதான் விட்டு வந்தேன்.

பரிசோதகர் பதினாறாம் தேதி வருகிறார். தோளைப் பற்றி உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள், அது தொழிலுக்கு உபயோகமான விஷயம். நான் யார் என்று கேட்டால் மட்டும், முன்பு சொன்னது போல.

நான்


மார்ச் 17

திருகாணி,

வந்தார், பார்த்தார், போய்விட்டார். ரெயில் தேறிவிட்டது. ஒரு வரிசை முழுக்க அவர் கண்ணெதிரில் போட்டேன், ஒரு முட்டை இல்லை. தோள் கதையைக் கேட்டுச் சிரித்தார். வாங்குபவர்களுக்கு அச்சடித்துக் கொடுக்கும் தாளில் இதைச் சேர்க்கவேண்டும் என்று குறித்துக்கொண்டார். தண்ணீர் மட்டும் குடித்தார்.

கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார்: "இதை டிசைன் பண்ணவங்க உங்களுக்கு என்ன உறவு?"

"உறவெல்லாம் இல்லீங்க. மாடியில குடியிருந்த பொண்ணு" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "வாடகையெல்லாம் ஒழுங்கா குடுத்துரும்" என்று வேறு சேர்த்துக்கொண்டேன். என் பிள்ளை அங்கேதான் நின்றான். அவர் அவனையும் பார்த்தார். "ஆமா சார், மாடியில இருந்தாங்க" என்றான் அவனும். உனக்காகத்தான் சொன்னான். சொல்லிவிட்டு வெளியே போனவன் வெகுநேரம் திரும்பி வரவில்லை.

நீ கேட்டதைச் செய்துவிட்டேன். உன் வேலை நிலைக்கவேண்டும், அதில் எனக்கு இரண்டு பேச்சு இல்லை. ஆனால் மத்தியானம் தட்டில் போட்ட சாப்பாடு இறங்கவில்லை. பொய் சொன்னதற்காக இல்லை. நூல் விலையில் நான் சொல்லாத பொய்யா? அது அவ்வளவு சுலபமாக வாயில் வந்துவிட்டதே, அதற்காகத்தான். ஏப்ரலுக்கு அப்புறம் யார் கேட்டாலும் இதையேதான் சொல்லவேண்டும், அப்போது அது பொய்யாகவும் இருக்காது. உறவெல்லாம் இல்லீங்க. சொல்லிப் பார்த்துக்கொண்டேன். பழகிவிடும் போலிருக்கிறது, அதுதான் பயமாக இருக்கிறது.

உன்னைக் குறை சொல்லி எழுதவில்லை. யாரிடமாவது சொல்லவேண்டும், உன்னைத் தவிர ஆள் இல்லை.

நிரந்தரம் ஆனதும் ஒரு வரி எழுது.

அத்தை


மார்ச் 22

அன்புள்ள அத்தைக்கு,

முதலில் பயப்படாதீர்கள். வேலை போகவில்லை. ஆனால் உங்கள் சோதனை அறிக்கை ரத்தாகிவிட்டது. ரத்தாகச் செய்தது நான்தான்.

உங்கள் கடிதம் நேற்றுக் காலையில் வந்தது. அறிக்கையில் மேலாளர் கையெழுத்துப் போட அன்று சாயங்காலம் நேரம் குறித்திருந்தார். கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு மத்தியானம்வரை வேலை பார்த்தேன். பார்த்தேன் என்று பேர், ஒரே அளவை மூன்று தடவை தப்பாகக் குறித்தேன். உங்களுக்குப் பழகிவிடும் போலிருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு ஒன்பது மாதமாகப் பழகவில்லை, அதை யாரிடமும் சொன்னதில்லை. சாப்பாட்டு நேரத்தில் மேலாளர் அறைக்குப் போனேன்.

இனி வேறு ஒரு தையல் கூடத்தில், நான் முகம் பார்த்திராத ஆட்களிடம், முதலிலிருந்து ஒரு மாதம் ஓட்டிப் பார்க்கவேண்டும். என்னை நிரந்தரமாக்குவது அதற்குப் பிறகுதானாம். பொய் சொன்னதற்கு எல்லோர் எதிரிலும் திட்டு வாங்கினேன். நியாயமான திட்டுதான். ரெயிலையும் திருப்பி எடுக்கவேண்டும், பொருத்தும்படி முழுசாக முடித்தது இப்போதைக்கு அது ஒன்றுதான். நீங்கள் கஷ்டப்பட்டுத் தோளைப் பழக்கிய பிறகு பழையதை மாட்டச் சொல்வது எனக்கே பொறுக்கவில்லை. புதியது செய்ததும் முதல் தண்டு உங்களுக்கு.

கழற்ற நானே வருகிறேன், ஞாயிற்றுக்கிழமை காலை வண்டிக்கு. ஜன்னல் வழியாகத் தூக்கிக் கொடுக்க மறுமுனையில் ஒரு ஆள் வேண்டும். அவர் வீட்டில் இருந்தால் இருக்கட்டும், எனக்குச் சங்கடம் இல்லை. அவருக்குச் சங்கடமாக இருந்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக்கொள்ளலாம்.

மேலாளர் அறையில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். "சார், அந்த ரிப்போர்ட்ல கையெழுத்துப் போடாதீங்க. அவங்க ஓனரம்மா இல்ல, என் மாமியார்" என்றேன். அவர் பேனாவை மூடிவைத்தார்.

"விவாகரத்து கேஸுக்குன்னுதானே ஏப்ரல்ல லீவு கேட்டிருக்கீங்க? அப்புறம் என்ன மாமியார்?" என்றார்.

"விவாகரத்து அவரோட மட்டும்தான் சார்" என்றேன்.

இப்படிக்கு,
உங்கள் மருமகள்